ஏரி என்று சொன்னவள்

ரயில்வே கேட்டு விழுந்துவிட்டது. கண்ணெதிரே, கொஞ்சமும் அவசரப்படாமல், சிவப்பும் வெள்ளையுமாய் அந்தக் கம்பம் இறங்கி வந்து ஜீப்பின் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டது. "சனியன்" என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்ஜினை அணைத்தான் டிரைவர் சூசை. "சரக்கு வண்டி மேடம். இது போனதும் எதிர்ப்பக்கம் ஒண்ணு வரும். ரெண்டையும் அனுப்பிட்டுத்தான் தூக்குவான் மகராசன்." தமயந்தி "ம்" என்றாள். அவனுக்கு எரிச்சல். அவளுக்கோ, உள்ளதைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் புங்கந்துறை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடப் போகிறார்கள், மூடிய பிறகு அந்தப் பெரும் பள்ளத்தில் சேரும் தண்ணீரை என்ன செய்வது என்று கம்பெனியின் நிலவியல் அதிகாரி வந்து சொல்லப் போகிறார் என்று ஊரே காத்திருக்கும். அந்த அதிகாரி இங்கே உட்கார்ந்துகொண்டு, காலையில் வீட்டு மோட்டாரை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டது நினைவிருக்கிறது. குளித்தது, புடவைக்கு இஸ்திரி போட்டது, நின்றுகொண்டே இட்லியை விழுங்கியது எல்லாம் வரிசையாய் வருகிறது. அணைத்தது மட்டும் வரவில்லை. விரல் நுனிக்கு ஞாபகம் இருக்குமா என்று ஆள்காட்டி விரலைத் தேய்த்துப் பார்த்தாள், பைத்தியம் மாதிரி. தொட்டி வழிந்து மாடிப்படி வழியாய்த் தெருவுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "ஆயிரம் வருசத்துத் தண்ணிக்குக் கணக்குப் போடற மகராணி, நம்ம மாடித் தொட்டி வழியறதை மட்டும் பார்க்க மாட்டா" என்று சம்பத் சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து இதே கிண்டல்தான் அவனுக்கு, வேறு கிடைக்கவில்லை.

இஸ்திரி போட்ட புடவை அதற்குள் கசங்கிவிட்டது. மடியில் இருந்த பைக்குள் இரண்டு வரைபடங்கள் சுருட்டிக் கிடந்தன. இரண்டில் ஒன்றைத்தான் பந்தலில் விரிக்க வேண்டும். எதை விரித்தாலும் கம்பெனிக்குக் கவலையில்லை. "எதை வேணா சொல்லுங்க மேடம், கூட்டம் கத்தாம முடியணும்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவர் அடுத்த மாதம் வேறு சுரங்கத்துக்குப் போகிறார், கத்தல் அங்கே கேட்காது. முதல் படத்தில் பள்ளம் விளிம்புவரை நிரம்பி, மேற்கே உயரமாய் வைத்த ஒரு வழிகாலில் மிச்சத் தண்ணீர் வெளியேறி, நடுவிலே ஒரு வாய்க்கால் புங்கந்துறை வயலுக்குத் தானாகவே பாய்கிறது. இரண்டாவது படத்தில் மேற்குப் பாறையை அடிவரைக்கும் ஆழமாய் வெட்டிவிடுகிறார்கள். தண்ணீர் பள்ளத்தின் கீழேயே நின்றுவிடும், வாய்க்காலுக்கு ஏறவே ஏறாது. பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். எந்த மடையனும் முதல் படத்தைத்தான் கேட்பான். அவளும் முதல் படத்தைத்தான் சொல்லியிருந்தாள், போன தடவை இதே பந்தலில், இதே மைக்கில். காகிதத்தில் இருந்தது "குழியில் தேங்கும் நீர்" என்று. அதை வாசிக்கும்போது முன்வரிசையில் இருந்த முகங்களில் ஒன்றும் ஓடவில்லை, வெயிலில் போட்ட வடகம் மாதிரி காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "சுருக்கமா சொன்னா, இது உங்க ஊருக்கு ஒரு பெரிய ஏரிங்க" என்றாள். கைதட்டல்! அப்படி ஒரு கைதட்டலை அவள் வாழ்க்கையில் வாங்கியதே இல்லை. ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாய் இருந்தது, சீ, அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. பள்ளம் என்று சொல்லியிருக்கலாம். குழி, குட்டை, எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஏரி என்று சொல்லிவிட்டாளே. ஏரி என்றால் இந்த ஊரில் சும்மாவா? ஏரிக்குக் கரை உண்டு, மடை உண்டு, நிரம்பினால் வழியக் கலிங்கு உண்டு, படத்தில் இருக்கும் வழிகால்தான் அது. கலிங்கு என்று ஒன்று இருந்தால் நம்மவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா.

முதல் வண்டி வந்தது. சிமெண்டுத் தூசி படிந்த பெட்டிகள் தடதடவென்று போக ஆரம்பித்தன, ஜீப்பின் கண்ணாடி அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. இந்தத் தூசி எல்லாம் ஒருகாலத்தில் கடலின் அடி. கிளிஞ்சலும் நத்தையும் செத்துச் செத்துப் படிந்தது. அவள் மேசைமேல் சுருண்ட சங்கு மாதிரி ஒரு கல் கிடக்கிறது, பள்ளத்தின் அடியில் எடுத்தது, காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறாள். கடலே வந்து குடியிருந்துவிட்டுக் காலி பண்ணிக்கொண்டு போன ஊர் இது. இங்கே வந்து நிரந்தரம் என்று எழுதச் சொன்னால் கை கூசத்தானே செய்யும். மூடும் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது, நிரந்தரமாகப் பாதுகாப்பானது, பராமரிப்பு தேவையில்லை. சென்னையில் மழைக்கணக்குப் போடும் ரிஸ்வானா போனில் சொன்னாள்: "அக்கா, விதிப்புத்தகத்துல இருக்கற பெருமழைக்கு உங்க கலிங்கு தாங்கும். ஆனா அது நேத்தைய மழையை வச்சு எழுதின புத்தகம். நூறு வருஷம், இருநூறு வருஷம் தாண்டி என்னைக் கேட்டா, வருஷக்கணக்கா காயும், அப்புறம் ஒரே வாரத்துல வருஷத்து மழையைக் கொட்டும். எந்த வாரம்னு என்னால சொல்ல முடியாது." தமயந்தி சிரித்துக்கொண்டே, அப்படியானால் கலிங்கை அகலமாக்கிவிடுவோம் என்றாள். அகலமாக்கினாள். இன்னும் அகலமாக்கினாள். கணக்கு சரியாய் வந்தது, எந்த மழைக்கும் தாங்குகிற மாதிரி ஒரு கலிங்கை வரைந்துவிட்டாள். பிறகுதான் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த முதல் பாதி உறைத்தது. வருஷக்கணக்கா காயும். காய்கிற வருஷத்தில் மனிதன் என்ன செய்வான்? வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மணல்மூட்டை போடுவான். வேறென்ன. அவள் ஊர் ஏரியில் அவள் அப்பாவே போட்டிருக்கிறார். ஏரி நிரம்பி, கலிங்கில் தண்ணீர் வழியத் தொடங்கியதும் அத்தனை பேருக்கும் வயிறு எரியும், ஐயோ போகுதே, நம்ம தண்ணி கீழூர்க்காரனுக்குப் போகுதே என்று. உடனே சாக்கைத் தூக்குவார்கள். மணலை அள்ளி, வாயைத் தைத்து, கலிங்கின் மேல் வரிசையாய் அடுக்கி, சந்தில் வைக்கோலும் களிமண்ணும் திணித்து, இன்னும் ஒரு முழம் உயரம். ஒரு முழம் என்றால் கடைசி நனைப்புக்கு ஆகும், பொங்கலுக்கு நெல் வீட்டுக்கு வரும். பொதுப்பணித்துறைக்காரர் வந்து எடுக்கச் சொல்லுவார், எடுப்பார்கள். அவர் திரும்பிப் போன தூசி அடங்குவதற்குள் மறுபடியும் அடுக்குவார்கள். அவளும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களிமண் உருட்டிக் கொடுத்திருக்கிறாள், எவ்வளவு குதூகலம்! கரை உடைந்ததா என்றால் உடையவே இல்லை. அதுதான் பயம். உடைந்திருந்தால் அந்தப் பழக்கம் என்றைக்கோ ஒழிந்திருக்கும். எத்தனையோ தலைமுறை உடையாமல் இருந்து இருந்து, அதுதான் ஏரியைக் காக்கும் முறை என்றே ஆகிவிட்டது. உடைந்தாலும் அங்கே என்ன, வயல்தானே மூழ்கும், மறுபடி கரையைக் கட்டிவிடலாம். இங்கே அப்படியா? பள்ளத்தின் கிழக்கு விளிம்பு தாழ்வு. அந்தப் பக்கம் தோண்டின மண்ணைக் கொட்டி எழுப்பின கரைதான் தண்ணீரைத் தாங்க வேண்டும். கரைக்கு அடியில், ஒரு கூப்பிடு தூரத்தில், புதுத்தெரு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வீடுகள். நிலத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த நிலம் போன பள்ளத்துக்குக் கீழேயே கொண்டுபோய்க் குடிவைத்த புண்ணியவான் எவனோ, அவன் நன்றாய் இருக்கட்டும். மூட்டை ஏறஏறத் தண்ணீர் ஏறும், மண்கரை ஊறும், ரிஸ்வானாவால் சொல்ல முடியாத அந்த வாரம் வரும். அவள் அகலமாய் வரைந்தாளே, அந்த அகலம் முழுக்க மூட்டையாய் இருக்கும். தமயந்தி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"அட, தங்கச்சி!" என்று ஜன்னலில் ஒரு தலை. நீலமேகம். புங்கந்துறை விவசாயிகள் சங்கத் தலைவர், சொந்த வீடு அதே புதுத்தெருவில். டிவிஎஸ் வண்டியை ஜீப்பை ஒட்டி நிறுத்திவிட்டு, காலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். முதல் நாளே தங்கச்சி என்று கூப்பிட்டவர் அவர். அதிகாரிகளை இத்தனை வருஷமாய் ஐயா, அம்மா என்று கூப்பிட்டு நாக்கு தேய்ந்துவிட்டது, நீ எங்க பக்கத்துப் பொண்ணு, எனக்குத் தங்கச்சிதான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவளைக் கூப்பிட்டு, கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவச் சொல்லி, காகிதத்தில் வாங்கி ஜன்னல் வழியாய் அவள் கையில் திணித்தார். "சாப்பிடு, கூட்டம் முடிய நேரமாவும், வயித்துக்கு ஒண்ணும் இல்லாம நிக்காத." அவள் வாங்கிக்கொண்டாள். வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தியே பேசினார்: "நம்ம பசங்க எல்லாம் பேசி முடிச்சாச்சு தெரியுமா? ஏரி நெரம்ப முப்பது வருசம் ஆவும்னு சொன்னல்ல, நான் பார்க்க மாட்டேன், போவட்டும், என் பேரன் பார்ப்பான். கலிங்கை மட்டும் கொஞ்சம் கவனமா வையி தங்கச்சி. ரெண்டு பக்கமும் கல்லுல காடி வெட்டி விட்டுட்டின்னா போதும், நாங்களே பலகை செருகிக்குவோம். மூட்டை அடுக்கற வேலை மிச்சம் பாரு!" சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு யோசனையை இலவசமாய்க் கொடுத்துவிட்ட பெருமையில் ஜீப்பின் கதவை ஒரு தட்டுத் தட்டினார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டித் தொலைத்தாள். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்டின் வாய்க்கு நகர, அவரும் உருட்டிக்கொண்டு முன்னால் போனார்.

ஆக, ஏரி இன்னும் ஊறவே ஆரம்பிக்கவில்லை, பலகை தயார். யாரைக் குற்றம் சொல்வது? அவரையா? தண்ணீரை வீணாக்காதவன் நல்ல விவசாயி. அவர் நல்லவர் என்பதுதான் தொல்லையே. கெட்டவனாய் இருந்தால் சட்டம் போட்டுத் தடுக்கலாம், காவல் போடலாம். காவல் எத்தனை வருஷத்துக்கு? கம்பெனியே இருக்காது. கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கி இருக்காது. அறிவிப்புப் பலகை வைக்கலாம், துரு தின்னும். கல்லிலே வெட்டிவைக்கலாம். வெட்டினார்களே, புங்கந்துறையின் பழைய ஏரி மதகில் ஒருவன் வெட்டிவைத்திருக்கிறான், பாதி தேய்ந்து கிடக்கிறது, பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். இந்த ஏரியைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று எழுதியிருக்கிறான். இன்றைக்கு மதகில் அந்தக் கல்லின்மேல்தான் துணி துவைக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனுஷனோ, யானை குதிரையோடு இருந்தானோ என்னவோ, ஏரியை வெட்டிவிட்டு, பேர் தெரியாத, முகம் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவன் காலில் தலையை வைத்துக் கெஞ்சியிருக்கிறான். ஆள் இருந்து பார்த்தால்தான் ஏரி நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இவளோ பராமரிப்பு தேவையில்லை என்று டைப் அடித்து வைத்திருக்கிறாள். யார் காலிலும் விழவில்லை. யார் காலையும் நினைத்துப் பார்க்கவில்லை. மோட்டார்! மறுபடியும் மோட்டார் ஞாபகம் வந்தது. பொறுக்க முடியாமல் சம்பத்துக்குப் போன் போட்டாள். "அணைக்கவே இல்லடி நீ" என்றான் எடுத்த எடுப்பில். "நான் அப்பவே வெளிய வந்துட்டேன். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துட்டு, தெருவே ஆறா ஓடுதுன்னு கத்தி, அவங்க பையன் சுவரேறிக் குதிச்சு அணைச்சிருக்கான். நல்லவேளை." அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். "ஏய், இருக்கியா? பரவால்ல விடு, தண்ணிதான" என்றான். தண்ணிதான. யாரோ ஒருத்தி பார்த்தாள், கத்தினாள், ஒருவன் குதித்தான். அந்த வாரத்தில், அந்த மழையில், புதுத்தெருவுக்கு யார் கத்துவார்கள்? இன்றைக்கு எழுதிவைக்கிற எச்சரிக்கை அன்றைக்கு இருப்பவர்களுக்கு விளங்குகிற வார்த்தையாய்த்தான் இருக்குமா? அணைக்க ஆள் வேண்டாத மோட்டார் ஒன்றுதான் உண்டு. அது போடாத மோட்டார்.

எதிர்ப்பக்கத்து வண்டியின் ஊதல் தூரத்தில் கேட்டது. அடிவரைக்கும் வெட்டிய பாறையில் மூட்டை அடுக்க முடியாது, அடுக்கினாலும் அந்த ஆழத்துக்கு எட்டாது. தண்ணீர் மண்கரையைத் தொடவே தொடாது. மழை எப்படி வேண்டுமானாலும் பெய்துகொள்ளட்டும். இதெல்லாம் அவளுக்கு அந்தப் பல் தேய்த்த காலையிலேயே தெரியும். அதற்குப் பிறகும் இரண்டு படங்களையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால், என்ன அர்த்தம்? அந்தக் கைதட்டல் இன்னொரு முறை கிடைக்குமோ என்ற நப்பாசை. அவ்வளவுதான் அர்த்தம், வேறு பூசி மெழுக என்ன இருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடலாம், வேறொருத்தர் வந்து முதல் படத்தை விரிப்பார். காடி விட்ட கலிங்காகவே விரிப்பார், கைதட்டு வாங்குவார். ஐயோ, ஏரி என்று மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்குப் பறிப்பதற்கு எதுவும் இருந்திருக்காதே. இல்லாத ஒன்றைக் கொடுத்து, முப்பது வருஷம் கழித்து வரப்போகிற ஒன்றை இன்றைக்கே பிடுங்குவதற்கு அவளைவிட்டால் ஆள் கிடையாது. வெள்ளரிப்பிஞ்சைச் சீட்டின்மேல் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். "மேடம், வண்டி வருது, எங்க போறீங்க?" என்றான் சூசை. பந்தலில் மைக்கில் சொல்லி நீலமேகத்தின் முகத்தை அத்தனை பேர் நடுவில் பார்க்க அவளால் ஆகாது. அவரிடம் தனியாய்ச் சொல்லிவிட வேண்டும். அந்த மரியாதையாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

நீலமேகம் கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே" என்றாள்.

"என்ன தங்கச்சி, வெயில்ல எறங்கிட்ட?"

"கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஏரி இல்லண்ணே. மேற்குப் பாறையை அடிவரைக்கும் வெட்டச் சொல்லப் போறேன். தண்ணி கீழேயே நின்னுடும். வாய்க்காலுக்கு ஏறாது."

அவர் சிரித்தார், விளையாடுகிறாள் என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏன்?"

"மூட்டை போடுவீங்க. பலகை செருகுவீங்க. கிழக்குக் கரை வெறும் மண்ணுண்ணே, கீழ புதுத்தெரு இருக்கு."

"மழை வந்தா எடுத்துட மாட்டமா? நாங்க என்ன தூங்கிக்கிட்டா இருப்போம்?"

"நீங்க எடுப்பீங்க. உங்க பேரன் எடுப்பான். அதுக்கப்புறம் எவன் எடுப்பான்? மழை இப்ப மாதிரியே இருக்காதுண்ணே. எத்தனையோ வருஷம் காயும், எல்லாரும் மறந்துடுவாங்க, அப்புறம் ஒரு நாள் கொட்டும்."

"அதுக்கப்புறம் எவன் இருப்பான், எவன் சாவான்."

"இருக்கற எவனோ ஒருத்தன்தாண்ணே."

வண்டி வந்துவிட்டது. காலிப் பெட்டிகள், சத்தம் முன்னதைவிட அதிகம். அவர் கடைசிப் பெட்டி போகிறவரைக்கும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி அடங்கியதும், கத்தாமல், மெதுவாகத்தான் சொன்னார். "எங்க நிலத்தை எடுத்தப்போ அடுத்த தலைமுறை நல்லாருக்கும்னு சொன்னீங்க. சரின்னு குடுத்தோம். இப்போ தண்ணியையும் எடுக்கறீங்க, ஆயிரம் வருசம் கழிச்சு எவனோ நல்லாருக்கணும்னு. நடுவுல கெடக்கற நாங்க மனுசங்களாவே தெரியலையா உங்களுக்கு?"

'உங்களுக்கு' என்றார். அதுவரை நீ என்றே பேசியவர். தெரிகிறது அண்ணே, நீங்கள் மட்டும்தான் எனக்குத் தெரிகிறீர்கள், அவர்களில் ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, என்று சொல்ல நினைத்தாள். அந்த மதகுக்கல்லின் நினைவு வந்தது. வரப்போகிறவன் பாதத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டவனுக்கு, இருக்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் கொடுத்துவிட்டுக் கும்பிட்டான். இவள் எடுத்துவிட்டு எந்தக் கையால் கும்பிடுவாள். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கேட்டு மேலே ஏறியது. பின்னால் லாரி, பஸ், எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. நீலமேகம் டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளப்பினார், முதல் மிதியில் கிளம்பவில்லை, மறுபடி மிதித்தார். "வண்டியில ஏறுங்க மேடம்" என்றார், அவளைப் பார்க்காமல். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." கிளம்பிப் போய்விட்டார்.

அவள் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தாள். வெள்ளரிப்பிஞ்சு உப்பில் நீர் விட்டுக் காகிதத்தை நனைத்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் தண்டவாளத்தின்மேல் ஏறிக் குலுங்கி இறங்கியது.

"என்ன மேடம் சொன்னாரு அவரு?" என்றான் சூசை.

"மேடம்னு சொன்னாரு" என்றாள் தமயந்தி.

சூசைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனும் தினம் அப்படித்தானே கூப்பிடுகிறான். கியரை மாற்றி, பந்தல் தெரிகிற பக்கமாய் வண்டியைத் திருப்பினான்.